அப்பா தினமும் அதே மரத்தை வரைகிறாரே, சலிக்காதா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சின்ன வயது ஆசையை மறுபடி எடுத்து வாட்டர்கலர் வரைய ஆரம்பித்திருக்கிறார். நாலு மாதமாக விடிகாலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறார், அங்கே ஒரே ஒரு பூவரச மரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் கடலையும் வரைகிறார், வீட்டில் எழுபது படம் சேர்ந்துவிட்டது, எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. அம்மாவுக்குக் கவலை. ஊட்டிக்கோ மூணாறுக்கோ கூட்டிப்போனால் நல்ல காட்சிகள் கிடைக்குமே என்று உங்களுக்கு ஒரு எண்ணம். ஓவியருக்கு ஒரே இயற்கை சலிக்காதா, வாழ்நாள் முழுக்க இப்படியே இருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊட்டிக்கு இப்போது வேண்டாம். அவர் செய்துகொண்டிருப்பதுதான் சரியான வேலை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே இதில் இறங்கியிருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சென்னையில் நிலக்காட்சி வரைகிறவன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அரசு ஓவியக் கல்லூரியில் படித்தேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் பிறகு அந்தக் கல்லூரி ஆனது. சேர்ந்த புதிதில் எங்களுக்கு அவுட்டோர் ஸ்டடிதான் பெரிய வேலை. சென்ட்ரல் ஸ்டேஷன், எழும்பூர் ஸ்டேஷன், மியூசியம் என்று ஊரெல்லாம் உட்கார்ந்து ஸ்கெட்ச் போடுவோம். நான் தினமும் ஒரு புது இடம் தேடி ஓடுவேன். ஒரு நாள் என் வாத்தியார் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஊரையே சுத்தியிருக்கே, ஒண்ணையும் பார்க்கலையே. வாசல்ல ஒரு வேப்பமரம் நிக்குது பாரு, இந்த மாசம் முழுக்க அதை மட்டும் போடு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து நாள் வரைக்கும் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில், பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால், கிளை நுனியெல்லாம் தளிர் செம்பு நிறத்தில் நிற்பதைப் பார்த்தேன். அது அன்றைக்கு வந்த தளிர் இல்லை, ஒரு வாரமாகவே அங்கே இருந்திருக்கிறது. நான் மட்டும் பச்சையைப் பூசிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மரம் என்றால் பச்சை என்று கை எப்போதோ முடிவு செய்துவிட்டது.

வரைகிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். கண் பார்ப்பதைக் கை வரைவதில்லை, மனசில் ஏற்கனவே இருக்கிற சொல்லைத்தான் வரைகிறது. 'மரம்' என்ற சொல்லுக்கு ஒரு உருவம் இருக்கிறது, 'அலை', 'மேகம்' எல்லாவற்றுக்கும் இருக்கிறது, நாம் அஞ்சாம் வகுப்பில் கற்றுக்கொண்ட உருவங்கள் அவை. அவை தேய்ந்து தீர வேண்டுமானால் ஒரே பொருளின் முன்னால் பல நாள் உட்கார வேண்டும், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. புது இடத்துக்குப் போனால் கண்ணுக்கு வியக்கத்தான் நேரம் சரியாக இருக்கும், கை பழைய உருவத்தையே போட்டுவிட்டு வந்துவிடும். இப்போது ஊட்டிக்குப் போனால் உங்கள் அப்பா காலண்டரில் பார்த்த ஊட்டியைத்தான் வரைவார். அவர் கைக்கு இன்னும் அந்த வேலை முடியவில்லை, எழுபது படம் என்பது ஆரம்பம்தான்.

பிரான்சில் செசான் என்று ஒருவர் இருந்தார், 1839-ல் பிறந்தவர். தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த சான்த் விக்துவார் என்ற ஒரே மலையை வருஷக்கணக்காக வரைந்தார். சாவதற்கு ஒரு மாதம் முன்னால், 1906 செப்டம்பரில், மகனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் சொல்கிறார்: ஆற்றங்கரையில் இருக்கிறேன், இங்கே வரைவதற்கான விஷயங்கள் பெருகிக்கொண்டே போகின்றன, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தால் ஒன்று, இடது பக்கம் சாய்ந்தால் இன்னொன்று, இருக்கிற இடத்தை விட்டு நகராமலேயே மாதக்கணக்கில் எனக்கு வேலை இருக்கிறது. நாற்பது வருஷம் வரைந்த மனுஷன், 67 வயதில், சர்க்கரை வியாதியோடு சொன்னது இது. அடுத்த மாதம் வெளியில் வரைந்துகொண்டிருக்கும்போது மழையில் மாட்டிக்கொண்டு, காய்ச்சலில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். ஜப்பானில் ஹொகுசாய் என்ற ஓவியர் ஃபூஜி மலையை 36 காட்சிகளாகச் செய்யப் போய், அது போதாமல் 46 ஆக்கி, பிறகு அதே மலையை வைத்து நூறு காட்சிகள் கொண்ட புத்தகமும் போட்டார். அந்தப் புத்தகத்தின் பின்னுரையில், 73 வயதில்தான் பறவை, மிருகம், பூச்சி, செடி இவற்றின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டது என்றும், 110 வயதில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் உயிரோடு இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு அவ்வளவு ஆயுள் கிடைக்கவில்லை, 1849-ல் போய்விட்டார். ஆனால் அந்தக் கணக்கு நிஜமான கணக்கு என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சரி, வெளிநாட்டுக் கதை போதும், உங்கள் அப்பாவின் இடத்துக்கு வருகிறேன். அந்தக் கடற்கரையில் நானும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குத் தெற்கே.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: சூரியன் மரத்துக்கு எந்தப் பக்கம் எழுகிறது? ஆனி மாதம் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் இடது பக்கமாக, துறைமுகம் இருக்கிற திசையில் வரும். மார்கழியில் வலது பக்கமாக, மாமல்லபுரம் திசையில் வரும். சென்னையில் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே கிட்டத்தட்ட 48 டிகிரி இருக்கிறது. அதாவது அதே மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தால், சூரியன் ஆறு மாதத்தில் மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும், அடுத்த ஆறு மாதத்தில் திரும்பி வரும். நிழல் விழுகிற இடம், இலை வழியாக ஒளி ஊடுருவுகிற கிளை, மணலில் எந்த மேடு பளிச்சென்று தெரிகிறது என்பது எல்லாமே அதோடு மாறும். நாலு மாதத்தில் அவர் இதைக் கட்டாயம் கவனித்திருப்பார், வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும் படங்களில் இருக்கும். எழுபது படத்தையும் தேதிவாரியாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். ஒன்று போல இருக்கிறது என்று நீங்கள் சொன்னது, ஒவ்வொன்றாகத் தனித்தனியாகப் பார்த்ததால் இருக்கலாம்.

பூவரசு அருமையான மரம். பூ காலையில் மஞ்சளாக, உள்ளே அடர்ந்த சிவப்புப் பொட்டோடு திறக்கும், சாயங்காலம் வாடும்போது ஊதா கலந்த சிவப்புக்கு வந்துவிடும். ஒரே கிளையில் இன்றைய பூவும் நேற்றைய பூவும் இரண்டு நிறத்தில் இருக்கும். இலை மொத்தமாக உதிராது, வருஷம் முழுக்க ஒன்றிரண்டு மஞ்சளாகப் பழுத்து விழுந்துகொண்டே இருக்கும், அதனால் எப்போது வரைந்தாலும் பச்சைக்கு நடுவே நாலு மஞ்சள் புள்ளி கிடைக்கும். அப்புறம் அந்த இலையின் பளபளப்பு. வெயில் மேலே பட்டால் இலை பச்சையாகவே தெரியாது, வானத்தின் வெளுப்பைத்தான் திருப்பித் தரும். பச்சை தெரிய வேண்டுமானால் இலைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்க வேண்டும். டியூபிலிருந்து பிதுக்கிய பச்சை இதில் எந்த இடத்திலும் ஒட்டாது. அல்ட்ராமரின் என்ற நீலமும் மஞ்சளும் சேர்த்து, அதில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போட்டுக் கலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலும் அப்படித்தான். கடல் நீலம் என்று வரைகிறவர்கள் வருஷத்தில் பாதி நாள் தப்பு செய்கிறார்கள். நமக்குக் கிழக்குக் கடல், அதனால் விடியும்போது எல்லாமே வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும், படகும் மனுஷர்களும் வெறும் கறுப்பு வடிவம்தான், கடல் தகடு மாதிரி மின்னும். ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பெய்து அடையாறு பெருக்கெடுத்தால் முகத்துவாரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் போய், நீலத்துக்கும் பழுப்புக்கும் நடுவே ஒரு கோடே தெரியும். சித்திரையில் மதியத்துக்குப் பக்கத்தில் கடல்காற்று திரும்பியதும் தண்ணீரின் மேல்பரப்பு முழுக்கச் சொரசொரப்பாகி நிறம் ஒரேயடியாக அடர்ந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது சூரியன் மறைந்த பிறகு வருகிற பத்து நிமிஷம். எல்லோரும் எழுந்து சுண்டல் கடைப் பக்கம் போவார்கள், நான் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அடிவானத்தில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை மெல்ல எழும், அதற்கு மேலே வெளிர் ரோஜா நிறம். அந்தச் சாம்பல் பட்டை வேறொன்றும் இல்லை, பூமியின் நிழல். நாம் நிற்கிற இந்த உருண்டையின் நிழல் காற்றின் மேல் விழுந்து எழுவதைத் தினமும் பார்க்கலாம், மேகம் இல்லாமல் இருந்தால் போதும். இதை நான் பார்க்க ஆரம்பித்தது அங்கே உட்கார்ந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான். அதுவரை அந்த நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன்.

நம் பழைய பாட்டில் ஒரு புன்னை மரம் உண்டு, நற்றிணையில் 172-ஆவது. சின்னப் பெண்கள் விளையாடும்போது மணலில் புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள், அது முளைத்துவிடுகிறது, பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தது இது, உங்கள் தங்கை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு பேசிச் சிரிக்க வெட்கமாக இருக்கிறது என்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் கற்பனை அழகு என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே மரத்தை ரொம்ப நாள் வரைந்தவர்களுக்கு அது அப்படியே நடக்கிற விஷயம். எந்தக் கிளை எப்போது முறிந்தது, எந்தப் பொந்தில் மைனா வந்தது என்று தெரிந்த மரத்தின் முன்னால் நமக்கு ஒரு கூச்சமும் உரிமையும் வரத்தான் செய்யும்.

இந்த ஊரின் ஓவியர்களையும் சொல்ல வேண்டும். கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1957 முதல் 1967 வரை எங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்தார், நான் சேர்வதற்கு ரொம்ப முன்னால். இளமையில் அவர் போட்டதெல்லாம் கேரளத்துத் தென்னந்தோப்பும் கால்வாயும்தான், பிரமாதமான வாட்டர்கலர்கள். 1963 வாக்கில் தொடங்கி 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைக்குப் போய்விட்டார், எழுத்துகளும் ஜாதகக் கட்டம் மாதிரியான வடிவங்களும் நிறைந்த படங்கள், தென்னந்தோப்பைக் காணோம். இயற்கையை விட்டுவிட்டார் என்றுதான் மாணவனாக இருந்தபோது நானும் நினைத்தேன். ஆனால் அதே ஆள்தான் 1966-ல் தன் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில், அப்போது வெறும் மணலும் சவுக்குமாக இருந்த கடலோரத்தில், சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். படத்திலிருந்து தென்னை போனது, ஓவியன் எங்கே கண் விழிக்க வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை.

கே.எம். ஆதிமூலம் இன்னொரு மாதிரி. 1938-ல் திருச்சி மாவட்டத்தில் கீராம்பூரில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டு சமயத்தில் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார், கறுப்பு மையின் கோட்டில் அவ்வளவு உயிர். பல வருஷம் கோட்டிலேயே வாழ்ந்தவர், பிறகு தைலவண்ணத்துக்கு வந்து உருவமே இல்லாத பெரிய பெரிய நிறப்பரப்புகளைப் போட்டார். அதில் மரமும் இல்லை மலையும் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் பத்து நிமிஷம் நின்றால் வெயில் காய்ந்த நிலமும் ஈரம் ஊறிய பாறையும் மனசுக்குள் வந்துவிடும். கிராமத்தில் வளர்ந்த கண் சேர்த்து வைத்த நிறம் அது என்றுதான் எனக்குப் படுகிறது. 2008-ல் காலமானார். இந்த இரண்டு பேரையும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அப்பா நாலைந்து வருஷம் கழித்து மரத்தை வரைவதை நிறுத்திவிட்டு வெறும் பட்டை பட்டையாக நிறம் பூச ஆரம்பித்தால் வீட்டில் யாரும் பதற வேண்டாம். மரம் அதற்குள் அவர் கைக்குள் போயிருக்கும்.

போட்டோ எடுத்து வந்து வீட்டில் உட்கார்ந்து வரையலாமே என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முட்டி வலிக்கு அது நல்லதுதான், ஆனால் படத்துக்கு நல்லதில்லை. போன் கேமரா நிழலைத் தானாகவே வெளுக்க வைத்துவிடும், வானத்தை நீலமாக்கிவிடும், தூரத்துப் படகைக் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சின்னதாக்கிவிடும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சூரியன் 30 டிகிரி நகர்ந்துவிடும், அதனால் நேரில் வரைகிறவர் எந்த நிழலை வைத்துக்கொள்வது என்று முதல் கால் மணி நேரத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுதான் படம். போட்டோவில் அந்த முடிவைக் கேமரா எடுத்துவிட்டது, நமக்கு மிஞ்சுவது நகல் எடுக்கிற வேலை. ஞாபகத்துக்காகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம், படகின் கயிறு எப்படிக் கட்டியிருந்தது என்பது போன்ற விஷயத்துக்கு உதவும்.

இனி கஷ்டமான பகுதி. இயற்கையோடு வாழ்நாள் உறவு என்றால் எல்லோரும் இதமான ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் அதில் பாதி இழப்புதான். அடையாறு பிரம்மஞான சபைக்குள் இருக்கும் ஆலமரத்தை நான் முதலில் வரைந்தபோது அதன் தாய்மரம் நின்றுகொண்டிருந்தது. 1989-ல் புயல்காற்றில் அது சாய்ந்தது. அதற்குப் பிறகு அங்கே போக ஒன்றரை வருஷம் எனக்கு மனசு வரவில்லை. போனபோது விழுதுகள் எல்லாம் தனித்தனி மரமாக நின்றன, நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத்தான் அப்புறம் ரொம்ப நாள் வரைந்தேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்றைக்கு ஒரே நாளில் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் போயின, மறுநாள் காலையில் தெருவில் நடந்தபோது வெளிச்சமே வேறு மாதிரி இருந்தது, நிழல் விழுந்த இடத்திலெல்லாம் வெயில். நான் வரைந்துகொண்டிருந்த மூன்று மரங்கள் அதில் அடக்கம். ஊரூர் குப்பத்துப் பக்கம் 80-களில் நான் போட்ட ஸ்கெட்ச்களில் மணல் முழுக்கக் கட்டுமரம், மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. இன்றைக்கு அங்கே ஃபைபர் படகுகள்தான். அந்த நோட்டைப் பார்த்த ஒரு மீனவப் பையன், "எங்க தாத்தா ஓட்டினது இதானா" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தான். நான் அதை வரைந்தபோது அது ஆவணமாகும் என்று துளியும் நினைக்கவில்லை. அன்றைய வேலையைச் செய்தேன், அவ்வளவுதான். அப்பாவின் படங்களுக்குப் பின்னால் தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள், தயவுசெய்து.

உடம்பும் மாறும். கண்புரை வந்தால் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளடித்துப் பழுப்பாகும், அது வருகிறவருக்கே தெரியாது. மோனே என்ற பிரெஞ்சு ஓவியர் தன் வீட்டுத் தோட்டத்து அல்லிக்குளத்தையே கடைசி முப்பது வருஷம் வரைந்தவர், சுமார் 250 படம். புரை முற்றிய காலத்தில் அவர் படங்கள் சிவப்பும் பழுப்புமாக ஆகிவிட்டன, 1923-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எனக்கும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த வாரம் கடற்கரைக்குப் போனேன், அந்த நீலத்தை எப்படிச் சொல்வது, சின்ன வயதில் பார்த்த நீலம். வீட்டுக்கு வந்து முந்தின நாலைந்து வருஷத்துப் படங்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெதுவெதுப்பான சேற்று நிறம். திருத்த மனசு வரவில்லை. அந்தக் கண் அப்படித்தான் பார்த்தது, அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்கு வருஷம் ஒரு தடவை கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வங்காளத்தில் சாந்திநிகேதனில் இருந்த பினோத் பிஹாரி முகர்ஜி என்ற ஓவியரை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 1904-ல் பிறந்தவர், பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொரு கண்ணும் பலவீனம். அந்த அரைப் பார்வையோடு சாந்திநிகேதனைச் சுற்றி இருந்த வறண்ட செம்மண் நிலத்தையும், தனியாக நிற்கிற பனைகளையும், ஊர் மனுஷர்களையும் பல வருஷம் வரைந்தார். 1950-களின் நடுவில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருந்த பார்வையும் போய்விட்டது. நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், தடவித் தடவிக் கோடு போட்டார், 1972-ல் அங்குள்ள ஓவியப் பள்ளியான கலாபவனத்தில் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியமே செய்தார். அத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் விரலில் சேர்ந்திருந்தது. முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பயமாக இருந்தது, இப்போது தைரியமாக இருக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. நல்ல பேப்பர் வாங்கிக் கொடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் 300 கிராம் எடை), முழுக்கப் பருத்தியில் செய்தது. சாதாரண டிராயிங் பேப்பரில் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும், வாஷ், அதாவது தண்ணீரில் கரைத்துப் பரப்புகிற நிறம், சமமாக ஓடாது, அவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பேப்பர் கட்டைத் திறந்து போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், மேலே தெரியாவிட்டாலும் வாஷ் போடும்போது அந்த இடம் மட்டும் பிளாட்டிங் பேப்பர் மாதிரி உறிஞ்சும், அதனால் காற்றுப் புகாத உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கத்திரி வெயிலில் தூரிகையை எடுப்பதற்குள் வாஷ் காய்ந்துவிடும், கார்த்திகையில் அரை மணி ஆனாலும் காயாது. இரண்டுக்கும் கை பழக ஒரு முழு வருஷம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு டியூபில் போட்டிருந்தால் வாங்காதீர்கள். வெளிச்சத்தில் வெளுத்துப்போகிற நிறம் அது. 80-களில் நான் வரைந்த காகிதப்பூக்கள் எல்லாம் இன்றைக்குச் சோகை பிடித்த மாதிரி இருக்கின்றன, அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு மடக்கு நாற்காலி, அகலமான தொப்பி, தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒன்று குடிக்க, ஒன்று தூரிகைக்கு. வெள்ளைக் குடையோ சாம்பல் குடையோ வாங்குங்கள், சிவப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்தால் பேப்பரே சிவப்பாகத் தெரியும்.

"இதென்ன மறுபடி அதே மரம்" என்று யாரும் வீட்டில் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக "இன்றைக்கு என்ன வித்தியாசம்" என்று கேளுங்கள், பதில் சொல்ல அவருக்கு நேரம் ஆகும், காத்திருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு நீங்களும் கூடப் போங்கள். படத்தை எட்டிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்க்கிற பக்கம் பாருங்கள். ஐப்பசி பிறந்து முதல் மழைமேகம் கடல் மேல் ஏறுகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு வானம் ஊதாவும் சாம்பலுமாக இறங்கி வரும், அதற்கு எதிரே பூவரசின் ஒவ்வொரு இலையும் உள்ளே விளக்கு வைத்தது போல் பச்சையாகத் தெரியும், அந்த வெளிச்சம் ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும். வாஷ் காய்வதற்குள் மழை வந்துவிடும் என்பதால் பேப்பரை மூட ஒரு பிளாஸ்டிக் ஷீட் கையில் வைத்திருங்கள். நான் அதைப் பிடிக்க எத்தனையோ ஐப்பசி முயன்று இரண்டு தடவைதான் ஓரளவு வந்திருக்கிறது. அப்பாவுக்கு வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.